ஏணி மார்க் மெழுகுவர்த்தி

இப்போதெல்லாம் ஏணியை வாடகைக்கு எடுத்துப் போகிறவர்கள் அதைத் துடைத்துத் திருப்பிக் கொடுப்பதில்லை. பெயிண்ட் சொட்டு, சிமெண்டுக் கறை, ஒருமுறை ஐந்தாவது படியின் அடியில் மென்று ஒட்டிய சூயிங்கம். கேட்டால், "அதான் வாடகை குடுத்தோம்ல" என்கிறார்கள். வாடகை ஏறுவதற்கு. ஒட்டுவதற்கு அல்ல. இதைச் சொன்னால் பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது என்று ஒருவனை ஒருவன் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள். எனக்குக் கோபமே வராது. என்னைத் தெரிந்த யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

வக்கீலம்மா பத்துத் தாளும் ஒரு பேனாவும் கொடுத்து, "நடந்ததை உங்க வார்த்தையிலயே எழுதுங்க ஐயா. எதையும் விட்டுடாதீங்க" என்றார். எதிரே என் மச்சினனின் மகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடியவன் நான். இப்போது என்னை, கூரையைப் பிரித்து இறங்கியவனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாள். பார்க்கட்டும். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன் நான். மெதுவாகத்தான் எழுதுவேன்.

நாற்பத்து நாலு வருடமாக ஏணி வாடகைக்கு விடுகிறேன். என் ஏணியால் எவனும் விழுந்ததில்லை. விழுந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஏணியால் விழவில்லை, அவசரத்தால் விழுந்தார்கள்.

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. பத்தொன்பது வயதில் என்னிடம் வேலைக்கு வந்தான். எந்த வேலைக்கு எந்த ஏணி, எந்தச் சுவருக்கு எவ்வளவு சாய்வு, எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது. இருபது வருடம் ஒரே தகரக் கொட்டகையில் இருந்தோம். பிறகு அவனுக்கு அலுமினிய ஆசை வந்தது. அலுமினியத்தை நான் நம்புவதில்லை. ஏறினால் நடுங்கும். வெயிலில் கையைச் சுடும். மூங்கில் முறிவதற்கு முன்னால் கறகறவென்று ஒரு சத்தம் கொடுத்து ஆளை எச்சரிக்கும். அலுமினியம் எதையும் வெளியே காட்டாமல் இருந்துவிட்டு ஒருநாள் வளைந்துகொள்ளும். அப்படிப்பட்ட பொருளோடு என்னால் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியாது என்றேன். கொட்டகைக்கு நடுவே ஹாலோ பிளாக் சுவர் வைத்தோம். இந்தப் பக்கம் மூங்கிலும் மரமும், அந்தப் பக்கம் அலுமினியம்.

சண்டை சுவரோடு சரி. அவன் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். "அத்தான், அத்தான்" என்று என் பின்னாலேயே வருவான். செருப்பு வாங்குவதென்றால்கூட என்னைக் கேட்டுத்தான் வாங்குவான்.

என்னை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்த அந்த முகவரி வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வருடம் முன்னால் கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒருவர் போர்டு மாட்ட ஏணி கேட்டு வந்தார். மச்சினன் கொடுத்தனுப்பினான். அவர் பதிலுக்கு, இன்டர்நெட்டில் ஒரு முகவரி எடுத்துத் தருகிறேன் என்று சொல்லி, ஏணி என்ற சொல்லை இங்கிலீஷ் எழுத்தில் போட்டு, பின்னால் ஒரு புள்ளி வைத்து 'காம்' சேர்த்து, இவன் பெயரில் பதிந்து கொடுத்தார். அந்த நாளில் அதை எவனும் சீந்தவில்லை. மச்சினன் என்னிடம் வந்து காட்டினான். காற்றில் மனை வாங்கியிருக்கிறாய், வேலி போட்டுக்கொள் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

பிறகு எல்லோர் கையிலும் ஃபோன் வந்தது. எதிர்வீட்டுக்காரனுக்குத் தண்ணீர்க் குழாய் ஒழுகினால்கூட ஃபோனைத்தான் கேட்கிறான். ஏணி என்று அதில் தட்டினால், அந்த முகவரியில் ஏணிப் படமும் ஃபோன் நம்பருமாக மச்சினன் வந்து நின்றான். அவனுக்கு முழங்கால் தேய்ந்துபோய் நடக்க முடியாது. நடக்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "ஏணிதான், சொல்லுங்க" என்பான். வண்டி வரும், ஏற்றிக்கொண்டு போகும். அவன் சோறு அந்த முகவரியில் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. என் பக்கத்தில் பதினாறாம் எண் மூங்கில் ஏணியில் ஒரு சிலந்தி குடும்பத்தோடு குடியேறியிருந்தது.

வியாபாரப் பொறாமை என்று மச்சினனின் மகள் நினைக்கிறாள். அப்படி இல்லை. எனக்கும் என் மனைவிக்கும் என்ன பெரிய செலவு. விஷயம் நியாயத்தைப் பற்றியது. எப்படி என்று சொல்கிறேன்.

ஒருநாள் எனக்கு மூக்குக்கண்ணாடி வரவேண்டியிருந்தது. கடைக்காரர் பார்சலின் மேல் 'ஏணிக்காரர்' என்று எழுதித் தெருப் பெயரைப் போட்டு அனுப்பியிருக்கிறார். நாற்பது வருடமாக இந்தத் தெருவில் ஏணிக்காரர் என்றால் நான். தபால்காரர், பால்காரர், பக்கத்துத் தையல்காரர், எல்லோருக்கும் நான்தான் ஏணிக்காரர். கூரியர்காரன் தையல்காரரிடம் வழி கேட்டான். அவர் ஊசியில் நூல் கோத்தபடியே தலையை நிமிர்த்தாமல் சுவருக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினார். நான் என் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மச்சினன் நொண்டிக்கொண்டே வந்து பெட்டியை நீட்டினான்.

"அத்தான், உங்க கண்ணாடி தப்பா ஏணிக்காரருக்கு வந்துருச்சு."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். நானும் சிரித்தேன். கண்ணாடி நன்றாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு பார்த்தபோது எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

அடுத்த வாரம் டிரேட்மார்க் பதிந்து தருகிற ஏஜெண்டைப் பார்க்கப் போனேன். ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. சுழல் நாற்காலியில் பஞ்சு பிதுங்கிக்கொண்டிருந்தது. டை கட்டியிருந்தார். கட்டியவர்களை நான் எளிதில் நம்புவதில்லை, ஆனால் இவர் உள்ளதைச் சொன்னார்.

"ஏணி வாடகைக்கு விடுறவரு ஏணிங்கற சொல்லைத் தனக்கு மட்டும்னு கேட்க முடியாது ஐயா. அது பொருளோட பேரு. எல்லாருக்கும் பொது."

"நாப்பத்தோரு வருஷமா விடுறேன்."

"நானூறு வருஷம் விட்டாலும் கிடையாது."

"அப்ப யாருக்குத்தான் குடுப்பாங்க?"

"ஏணிக்குச் சம்பந்தமே இல்லாதவங்களுக்குக் குடுப்பாங்க. சோப்புக்கு ஏணின்னு பேரு வெச்சா கிடைக்கும். பிஸ்கட்டுக்கு வெச்சா கிடைக்கும். ஏணிக்கு வெச்சாத்தான் கிடைக்காது."

"அப்ப ஏணியத் தொட்டே பார்க்காதவனுக்கு ஏணி சொந்தம். ஏணியிலயே கெடந்தவனுக்கு இல்ல."

"சட்டம் அப்படித்தான் ஐயா."

நல்ல சட்டம் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். எரிச்சலில்தான் சொன்னேன். ஆனால் படி இறங்கும்போது யோசித்துப் பார்த்ததில் உண்மையாகவே நல்ல சட்டமாகப் பட்டது. தரைக்கு வருவதற்குள் இன்னும் நல்லதாகிவிட்டது. திரும்ப இரண்டு மாடி ஏறினேன். எனக்கும் முழங்கால் உண்டு.

ஊரின் மறுமுனையில் ஓர் அம்மாள் வீட்டிலேயே மெழுகுவர்த்தி வார்த்துக் கடைகளுக்குப் போடுகிறார். அவரிடம் பேசினேன். நிறுவனம் அவர் பெயரில், மார்க்கும் அதன் பெயரில், கடிதம் எல்லாம் ஏஜெண்டின் அறைக்கு வரும். அந்த அம்மாளுக்கு ஏணியில் அக்கறை இல்லை. எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்டார். பெட்டிக்கு லேபிள் அடித்தோம். 'ஏணி' என்று பெரிதாக, 'மெழுகுவர்த்தி' என்று சிறிதாக. விற்றுக் காட்ட வேண்டும் என்று ஏஜெண்ட் சொன்னதால் அந்த அம்மாளின் தெரு டீக்கடைக்கும் மளிகைக் கடைக்கும் கொஞ்சம் போட்டேன். மிச்சப் பெட்டிகள் என் கட்டிலுக்கு அடியில் போயின.

"கரண்ட் போறதே இல்ல, எதுக்கு இத்தனை?" என்றாள் மனைவி.

"போனா?"

"போனா ஒண்ணு போதாதா?"

பெட்டிகளை இன்னும் உள்ளே தள்ளினேன். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் குடும்பம் நடத்த முடியாது.

சான்றிதழ் வர ஒன்றரை வருடம் ஆனது. எனக்கு அவசரம் இல்லை. வந்ததும் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். ஆனால் அன்றிலிருந்து எனக்குள் ஒரு மாற்றம் இருந்ததை மறைக்கக் கூடாது. யார் வாயிலிருந்தாவது அந்தச் சொல் வந்தால் காது நிமிர்ந்துகொள்ளும். பல்பு மாற்ற என் மனைவி, "அந்த ஏணிய எடுங்க" என்றபோது, என்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

இனி முகவரி விஷயம். இன்டர்நெட் முகவரித் தகராறைக் கோர்ட்டுக்குப் போகாமலே தீர்த்துக்கொள்ள ஓர் ஏற்பாடு இருக்கிறது என்று ஏஜெண்ட் சொன்னார். எங்கோ ஒரு நாட்டில் ஒரு நடுவர். யாரையும் கூப்பிட்டு விசாரிக்க மாட்டார். வந்து பார்க்கவும் மாட்டார். அனுப்புகிற தாள்களை வாசித்துவிட்டுத் தீர்ப்பு எழுதுவார். அவருக்கு மூன்று விஷயம் காட்ட வேண்டும். முகவரியில் இருப்பதும் நம் மார்க்கும் ஒன்றே. வைத்திருக்கிறவனுக்கு அந்தச் சொல்லில் உரிமை இல்லை. அவன் கெட்ட எண்ணத்தில் அதைப் பிடித்து வைத்திருக்கிறான்.

"முதலாவது இருக்கு. மத்த ரெண்டும் கஷ்டம் ஐயா" என்றார். "அந்த ஆளு நெசமாவே ஏணி வியாபாரம் பண்றாருன்னா ஒரு பதில் போட்டாப் போதும். நாலு ஃபோட்டோ அனுப்பினாப் போதும். நாம தோத்துடுவோம்."

"பதில் போடலைன்னா?"

"இருபது நாள் டைம். போடலைன்னா வேற கதை. அதோட, காசு பார்க்கத்தான் வெச்சிருக்கேன்னு அவரு வாயாலயே வந்துட்டா இன்னும் நல்லது."

அவருக்கு அந்த ஆள் என் மச்சினன் என்று தெரியாது. அவரைக் குறை சொல்லாதீர்கள்.

முதலில் மெழுகுவர்த்தி நிறுவனத்தின் பெயரில் ஒரு மெயில் போனது. ஏணி எங்கள் மார்க், அந்த முகவரியை எங்களுக்கு விற்பீர்களா, என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டிருந்தோம். மச்சினன் பதில் போட்டான்: 'உங்கள் கம்பெனியை மெழுகுவர்த்தியோடு சேர்த்து மொத்தமாக என் பெயரில் எழுதிக் கொடுங்கள். அப்புறம் யோசிக்கிறேன்.' ஏஜெண்ட் அதை வாசித்துவிட்டு நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினார். கெட்ட எண்ணத்துக்கு இதைவிட நல்ல அத்தாட்சி தன் தொழிலில் பார்த்ததில்லை என்றார். நடுவருக்கு நகைச்சுவை தெரியாதா என்று கேட்டேன். தாளில் சிரிப்புச் சத்தம் கேட்காது ஐயா என்றார். அவர் சொன்னதிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

வழக்குத் தாள்கள் வந்த அன்று மச்சினன் அவற்றை அச்செடுத்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தான். ஓடினான் என்றால் அவன் ஓடுகிற மாதிரி. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, அவனுக்கு அரைகுறை. திண்டாட்டத்தில் முகம் சிறுத்திருந்தது.

"அத்தான், அந்த மெழுகுவர்த்திக்காரன் என் மேல கேஸு போட்டிருக்கான் போல. இருபது நாளுக்குள்ள பதில் போடணுமாம்."

"யாரு சொன்னது?"

"இதுல போட்டிருக்கு."

"இதைப் போட்டவன நீ பார்த்திருக்கியா?"

"இல்ல."

"எந்த ஊரு?"

"வேற நாடு."

"பார்க்காத ஆளு, போகாத ஊரு, புரியாத பாஷை. போன மாசம் எனக்கு லாட்டரி விழுந்துருக்குன்னு ஒருத்தன் ஃபோன் பண்ணானே, நான் என்ன பண்ணேன்?"

"திட்டினீங்க."

"அதையே பண்ணு. ஆனா மனசுக்குள்ள. எழுத்துல எதுவும் குடுக்காத. எழுத்துல குடுத்தா பிடிச்சுக்குவான்."

அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. பிறகு மறுபடி சிறுத்தது.

"நெசமா இருந்தா அத்தான்?"

"நெசமா இருந்தா வீட்டு வாசல்ல ஆளு வந்து நிப்பான் மாப்ளே. சம்மன்னா அப்படித்தான் வரும்."

அந்த இன்டர்நெட் பக்கம் திறந்தே கிடந்தால் ஏமாற்றுக்காரன் அதன் வழியாக உள்ளே புகுந்துவிடலாம், ஒரு மாதம் சாத்தி வை என்றும் சொன்னேன். அதற்கு என்னவோ ஒரு பட்டன் இருக்கிறதாம். அன்றைக்கே சாத்திவிட்டான். ஏணிப் படங்கள் எல்லாம் போய் வெள்ளையாகிவிட்டது. "பாப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்கட்டுமா?" என்றான். பாப்பா என்றால் இதோ எதிரே இருக்கிறவள்தான். அப்போதுதான் வெளியூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். புது வேலையில் இருக்கிற பிள்ளையை ஏன் பயமுறுத்துகிறாய் என்றேன். அதுவும் சரிதான் என்றான்.

இதில் நான் பொய் சொன்ன இடம் எது என்று வக்கீலம்மா அடிக்கோடு போட்டுக் காட்டட்டும். ஃபோனில் வருவது எல்லாம் ஏமாற்று என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். பேங்கிலிருந்து உண்மையாகவே கூப்பிட்டபோதுகூட அப்படித்தான் சொன்னேன். என் சொந்தப் பிள்ளை வந்து கேட்டிருந்தாலும் இதையே சொல்லியிருப்பேன். எனக்குப் பிள்ளை இல்லை, அது வேறு விஷயம். ஒரே ஒரு தடவை வந்தது நிஜமாக இருந்துவிட்டது. அது என் குற்றமா.

இருபதாம் நாள் மத்தியானம் அவன் எங்கள் வீட்டில் சாப்பிட்டான். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். போன பத்து நாளாக நன்றாகத் தூக்கம் வருகிறது அத்தான் என்றான். அவனைத் தூங்க வைத்தது யார் என்று யாரும் கேட்பதில்லை.

தீர்ப்பை ஏஜெண்ட் எனக்கு வாசித்துச் சொன்னார். எதிர்த்தரப்பு பதில் தரவில்லை. பக்கம் வெறுமையாக இருக்கிறது. அவர் ஏணித் தொழில் செய்கிறார் என்பதற்கு ஒரு சான்றும் இல்லை. லாபத்துக்கு விற்க முயன்றிருக்கிறார். எனவே முகவரி மெழுகுவர்த்தி நிறுவனத்துக்கு. அந்த நடுவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. அவர் ஒருநாள் எங்கள் தெருவுக்கு வந்து சுவருக்கு அந்தப் பக்கம் நுழைந்திருந்தால் நூற்றுப் பன்னிரண்டு அலுமினிய ஏணிகளில் ஏதாவது ஒன்று அவர் நெற்றியில் இடித்திருக்கும். வரவில்லை. தாளில் இருப்பதை மட்டும் பார்ப்பது அவர்கள் வழக்கம். ஒழுங்கான வழக்கம். தெருவில் வந்து விசாரித்தால் தையல்காரர் மாதிரி ஆட்கள் எதையாவது சொல்லிவைப்பார்கள்.

அன்றைக்கு மச்சினன் என் கொட்டகைக்கு வந்து, சாய்த்து வைத்திருந்த ஏணியின் முதல் படியில் உட்கார்ந்தான். ஏணிப் படியில் உட்காரக் கூடாது என்று அவனுக்குப் பத்தொன்பது வயதிலேயே சொல்லியிருக்கிறேன். அன்று ஒன்றும் சொல்லவில்லை.

"அத்தான், என் ஏணியக் காணோம்" என்றான்.

ஏமாற்றுக்காரன் ஜெயித்துவிட்டான் மாப்ளே என்றேன். அதையும் பொய் என்று சொல்ல முடியாது.

அதன் பிறகு அவன் ஃபோன் அடிக்கவே இல்லை. சில நாள் என் ஃபோனை வாங்கித் தன் நம்பருக்கே அடித்துப் பார்ப்பான். மணி வருகிறதா என்று பார்க்கிறேன் அத்தான் என்பான். வரும். இரண்டு பேரும் அது அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்போம்.

முகவரி கையில் வந்ததும், பார்வைக்கு ஒரு மெழுகுவர்த்திப் படம் போட்டு வையுங்கள் என்று ஏஜெண்ட் சொன்னார். போட்டு, கீழே என் நம்பரைக் கொடுத்தேன். கூப்பிடுகிறவர்கள் குழம்பித்தான் போனார்கள்.

"மெழுகுவர்த்திப் படம் போட்டிருக்கே, ஏணி இருக்குங்களா?"

"இருக்கு. இது ஏணி மார்க் மெழுகுவர்த்தி. ஏணிக்கு மார்க் கிடையாது."

"ஏன்?"

"சட்டம்."

ஆனால் கேட்டவர்கள் எல்லோரும் அலுமினியம்தான் கேட்டார்கள். மூங்கில் என்றால் ஃபோனை வைத்துவிடுகிறார்கள். எனவே மச்சினனைக் கூப்பிட்டு, உன் ஏணிகளைக் கொண்டு இந்தப் பக்கம் வந்துவிடு, சேர்ந்தே செய்வோம் என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது. "உங்கள விட்டா எனக்கு யாரு அத்தான்" என்றான். சுவரில் ஆளுயரத்துக்கு இடித்து வழி செய்தோம். எந்தப் பங்காளி இப்படிச் செய்வான், சொல்லுங்கள். இப்போது அவன் என் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஏணிக் காலில் தேய்ந்த ரப்பர்க் குமிழ்களை மாற்றுகிறான், திருகாணியை இறுக்குகிறான், வண்டிக்காரனுக்கு வழி சொல்கிறான். ஃபோனை மட்டும் நான் எடுப்பேன். "ஏணிக்காரர் பேசுறேன்" என்பேன். எங்கிருந்து இத்தனை பேர் கூப்பிடுகிறார்கள் என்று ஒருமுறை கேட்டான். எல்லாம் பழைய பழக்கம் மாப்ளே என்றேன். அந்த முகவரியை அவன் திறந்தே பார்ப்பதில்லை. பார்த்தால் வயிறு எரிகிறதாம்.

சாயங்காலம் நாலு மணிக்கு டீ வரும். டீயோடு அவன் அந்த மெழுகுவர்த்திக்காரனைத் திட்ட ஆரம்பிப்பான். தனியாகத் திட்டவிட்டால் பாவம் என்று நானும் சேர்ந்துகொள்வேன். அவனுக்கு அவ்வளவாகத் திட்டத் தெரியாது. 'அவன் நல்லா இருக்க மாட்டான்' என்பதோடு நின்றுவிடுவான். நான்தான் பரம்பரையை இழுத்து, பிணம் தூக்க ஆள் வராது என்பது வரைக்கும் கொண்டுபோய் முடிப்பேன். முடித்ததும் அவனுக்கு மனசு லேசாகும். சில நாள் எனக்கும் ஆகும்.

என் மனைவிக்கு எப்போது தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. கட்டிலுக்கு அடியில் கூட்டுகிறவள் அவள். லேபிளை வாசிக்கத் தெரிந்தவள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருநாள் மத்தியானம், நல்ல வெயில், எனக்குச் சோறு போட்டு வைத்துவிட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்தாள். மறுநாளும் ஏற்றினாள். அன்றிலிருந்து ஒருநாள் தவறவில்லை.

"பகல்ல எதுக்கு அக்கா?" என்றான் மச்சினன்.

"உங்க அத்தானுக்கு முன்ன மாதிரி கண்ணு தெரியறதில்ல."

"அப்படியா அத்தான்?" என்று அவன் என்னைப் பார்த்துக் கவலைப்பட்டான். அன்று கண் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்று ஒரே பிடிவாதம்.

போன மாதம் லீவில் வந்து அப்பாவிடம் மெழுகுவர்த்திக்காரன் கதை கேட்டிருந்த இந்தப் பெண்ணையும் சாப்பிடக் கூப்பிட்டோம். "பாப்பா, கட்டிலுக்கு அடியில மெழுகுவர்த்தி இருக்கும், பெட்டியோட எடுத்துட்டு வா" என்றாள் என் மனைவி. ஒன்று போதாதா என்று என்னிடம் ஒருமுறை சொன்னவள் அன்று பெட்டியோடு கேட்டாள். பெண் எடுத்துவந்தாள், மச்சினன் கை கழுவப் போயிருந்தான். லேபிளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நல்ல பசி.

படித்த பிள்ளை. ஏஜெண்ட் அறை வரைக்கும், மெழுகுவர்த்தி அம்மாள் வரைக்கும் போய் விசாரித்துவிட்டுத்தான் இங்கே கூட்டிவந்திருக்கிறாள். வக்கீலம்மா மேஜைமேல் இரண்டாவதாக ஒரு தாள் வைத்திருக்கிறார். முகவரியை மச்சினனுக்கே திருப்பிக் கொடுக்கிறேன் என்று மெழுகுவர்த்தி அம்மாள் அதில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டார். அவரைப் பொறுத்தவரை, எங்கே என்று காட்டினால் போதும். முகவரியின் பாஸ்வேர்டு என்னிடம் இருப்பதால் பக்கத்தில் எனக்கும் ஓர் இடம் காலியாக இருக்கிறது.

எதையும் விட வேண்டாம் என்றதால் ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன். கம்பெனியை எழுதிக் கொடு என்று மச்சினன் பதில் போட்டான் என்று மேலே எழுதியிருக்கிறேன். போட்டவன் அவன்தான். மெயிலைக் கொண்டுவந்து, "எவனோ நம்ம ஏணியக் கேக்குறான் அத்தான், விக்கிறதுக்கில்லன்னு சொல்லிடவா?" என்றுதான் கேட்டான். அப்படி மொட்டையாகச் சொன்னால் மரியாதையாக இருக்காது, கொஞ்சம் கிண்டலாகச் சொல் என்று, அந்த இரண்டு வரியையும் நான் சொல்லச் சொல்ல அவன் தட்டினான். 'மெழுகுவர்த்தியோடு சேர்த்து' என்பது என் சொந்தச் சரக்கு. அவன் தட்டி முடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். உங்களுக்கு மட்டும் எப்படி அத்தான் இப்படித் தோணுது என்றான்.

இப்போது எழுதும்போது எதிரே இருக்கிறவள் தலைகீழாகவே வாசித்துக்கொண்டு வருகிறாள். இந்த இடம் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜன்னலைப் பார்த்தபடியே, "அப்பாகிட்ட நான் சொல்லிப் பார்த்தேன் மாமா. நம்பல. எங்க அத்தானப் பத்தித் தப்பாப் பேசாதன்னு என்னை அடிக்கக் கை ஓங்கிட்டாரு. இருபத்தேழு வயசுல முதல் தடவை. அதான் உங்க எழுத்து வேணும். உங்க கையெழுத்துன்னா அவருக்குத் தெரியும்" என்றாள்.

மச்சினன் கீழே தெருவில் லோடு வண்டியில் உட்கார்ந்திருக்கிறான். அவனுடைய முகவரியை மீட்கத்தான் அத்தான் வக்கீல் வீட்டுப் படி ஏறியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நான் அப்படிச் சொல்லவில்லை. வக்கீலைப் பார்க்கப் போகிறேன் என்று மட்டும்தான் சொன்னேன். அவனாக என் கையைப் பிடித்துக்கொண்டான்.

யோசித்துப் பார்த்தேன். முகவரி திரும்பிப் போனால் ஃபோன் மறுபடி அந்தப் பக்கம் அடிக்கும். அவன் எழுந்து அந்தப் பக்கம் போய்விடுவான். தேய்ந்த முழங்காலோடு தனியாக உட்கார்ந்து, வருகிறவன் போகிறவன் சொல்வதையெல்லாம் நம்பிக்கொண்டிருப்பான். நம்பக்கூடியவன் அவன். பக்கத்தில் விவரமான ஆள் ஒருவன் வேண்டும். எனவே அந்த இரண்டாவது தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. கோர்ட்டுக்குப் போவோம் என்கிறார் வக்கீலம்மா. போகட்டும்.

இந்தத் தாள்களை எடுத்துப்போகப் போவதில்லை. இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன். எழுதியது எல்லாம் உண்மை. செய்தேன். ஆனால் தப்பு என்று இன்னும் எனக்குப் படவில்லை. படுகிறவரைக்கும் உட்கார்ந்திருங்கள் என்றால் அதற்கு நேரமில்லை, இருபதடி ஏணி ஒன்று பன்னிரண்டு மணிக்குப் போய்ச் சேர வேண்டும். தாராளமாக இதை அவனிடம் காட்டட்டும். வாசிப்பான். முகம் சிறுத்துப்போகும். பிறகு நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேராக என்னிடம் வருவான், இதுக்கு என்ன பண்றது அத்தான் என்று கேட்பதற்கு.